ஆலை வரட்டும், ஊரில் பட்டறை எத்தனை?

சிறு நகரங்களின் நகர்மன்ற, மாமன்ற உறுப்பினர்களுக்கு,

தேர்தலில் நின்றபோது நீங்கள் வீடு வீடாகக் கொடுத்த துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று வரிசையாக வந்து, கடைசியில் நம் ஊருக்குத் தொழிற்சாலை கொண்டுவருவோம் என்று முடியும். இதில் எந்தக் கட்சியும் விலக்கில்லை. ஜெயித்த பிறகு அந்தக் கடைசி வரி என்ன ஆகிறது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அமைச்சர் ஊருக்கு வரும்போது ஒரு மனு போகிறது. சிப்காட் தொழிற்பூங்கா வேண்டும், டைடல் பார்க் வேண்டும், பெரிய கம்பெனி ஏதாவது ஒன்று வேண்டும். மனு கொடுக்கிற போட்டோ மறுநாள் பேப்பரில் வருகிறது. தொழில் வளர்ச்சிக்கு உங்கள் பங்கு அத்தோடு முடிந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். முடியவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் கொங்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் லேத் பட்டறை நடத்துகிறவன். மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், ஆறு ஆட்கள். பொருளாதாரம் படித்தவன் இல்லை. அரையாண்டு தவறாமல் சொத்து வரியும் தொழில் வரியும் கட்டி, வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பித்து வருகிறவன் என்ற உரிமையில் உங்களிடம் சில கேள்விகள் கேட்கிறேன். உங்கள் வார்டில் எத்தனை பட்டறைகள் இருக்கின்றன? அவற்றில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? எந்தப் பொருள் செய்து எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள்? தெருவில் எத்தனை ஓட்டு என்று கேட்டால் விரல் நுனியில் வைத்திருக்கிறீர்கள். இது மட்டும் ஏன் தெரியவில்லை?

பெரிய ஆலை எங்கே போய் உட்கார வேண்டும் என்பது உங்கள் மன்றத்தில் தீர்மானமாவதில்லை. ஓசூர் வளர்ந்ததற்கு முதல் காரணம், பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருந்ததுதான். அந்த இடத்தின் அருமை தெரிந்து 1970-களில் அங்கே சிப்காட் போட்டார்கள். 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது, பின்னாலேயே டைட்டன் வந்தது. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2024-ல் அடிக்கல் போட்டு 2025-ல் கார் ஆலையைத் திறந்ததற்குப் பின்னால் துறைமுகம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குச் சென்னை இருக்கிறது. துறைமுகமோ விமான நிலையமோ பெருநகரமோ பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்கள், மன்றத்தில் நூறு தீர்மானம் போட்டாலும் இதை மாற்ற முடியாது. பெரிய ஆலை வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தால் எனக்கும் ஜாப் ஒர்க் கிடைக்கும், வேண்டாம் என்பேனா?

ஆனால் வந்தவர்கள் போகவும் செய்வார்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. வரி வழக்கு, கம்பெனி கைமாறியது, உலகச் சந்தை மாறியது என்று காரணங்கள் பல. அதில் ஒன்றுகூட அந்த ஆலையில் செல்போன் கோத்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் இல்லை. அந்த ஊர் உள்ளாட்சியின் கையிலும் இல்லை. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியதும் அதே கதைதான். ஒரு பெரிய கம்பெனியின் இயக்குநர் குழு எங்கோ ஒரு நாட்டில் கூடி எடுக்கிற முடிவில் ஓர் ஊரின் மளிகைக் கடை வரைக்கும் ஆடிப்போகும். நூறு பட்டறை உள்ள ஊரில் பத்துப் பட்டறை நொடித்தாலும் மீதித் தொண்ணூறு ஷட்டர் காலையில் திறக்கும்.

செய்யாறைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இல்லாத அந்த ஊர் சிப்காட்டில் காலணி ஆலைகள் வந்து ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கின்றன. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-ல் சோஹோ அலுவலகம் போட்டு மென்பொருள் எழுதுகிறார்கள். இந்த இரண்டு இடத்துக்கும் கம்பெனிகளை இழுத்தது அங்கே இருந்த மனிதர்கள். ஒன்றில் சுற்றுக் கிராமத்துப் பெண்கள், மற்றதில் படித்துவிட்டு ஊரிலேயே இருக்க ஆசைப்பட்ட பிள்ளைகள். ஆக, வெளியிலிருந்து வருகிறவனும் இங்கே இருக்கிறவர்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான். நீங்கள் இன்னும் எண்ணவில்லை.

தொழில் ஓர் ஊரில் எப்படி வேர்விடும் என்று தெரிந்துகொள்ள சிவகாசியைவிட நல்ல பாடம் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு, மறு வருடம் ஊரில் தொழில் தொடங்கினார்கள். அவர்களுக்கு யாரும் நிலம் ஒதுக்கவில்லை, மானியம் தரவில்லை. மழை பொய்க்கிற கரிசல் பூமி, வேலைக்கு ஏங்குகிற சனம், குச்சி காய்வதற்குத் தோதான வறண்ட காற்று, இருந்தது அவ்வளவுதான். பிறகு நடந்ததுதான் முக்கியம். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டும். லேபிளை வெளியூரிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகாமல் அச்சகம் வந்தது. அச்சு மெஷின் வந்துவிட்டால் அது சும்மா நிற்க முடியுமா? காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று வேலை தேடிப் போனது. மருந்து கலக்கத் தெரிந்த கைகள் பட்டாசுக்குப் போயின. ஒரு தொழில் இன்னொன்றைப் பெற்றெடுத்து, அது மூன்றாவதைப் பெற்றெடுத்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியும், நாமக்கல்லில் லாரி பாடி கட்டுவதும், கைத்தறி நெய்த கரூர் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்கும் பஸ் பாடிக்கும் கொசுவலைக்கும் போனதும் இதே வழியில்தான்.

சிவகாசியைப் புகழ்ந்துவிட்டுப் போய்விட எனக்கு மனம் வரவில்லை. பல பத்தாண்டுகள் அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தீப்பெட்டி ஒட்டினார்கள். வெடி விபத்துச் செய்தி இல்லாமல் ஒரு வருடமும் போவதில்லை. தொழில் தானாக வளரும், ஆனால் தானாக ஒழுங்காக வளராது. சட்டத்தில் எழுதியிருப்பதை ஷெட்டுக்குள் போய்ப் பார்க்க ஆளில்லாமல் போனதற்குக் கொடுத்த விலை அது.

இன்னொன்றும் அந்தப் பகுதியில் நடந்தது. வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கிப் பொதுக்காரியம் செய்தார்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலா மகமையாலும், வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியாலும் நடந்த பள்ளிக்கூடம். இன்று மகமையின் இடத்தில் உங்கள் வரி ரசீது இருக்கிறது. கொடுப்பதை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். பொதுக்காரியம்தான் கண்ணில் படவில்லை.

திருப்பூர் இன்றைக்குச் சிறு நகரம் இல்லை. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர். 1970-களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் பனியன் தேடி வந்தபோது அது உங்கள் ஊரைப் போலத்தான் இருந்தது. அங்கே ஒரு பனியன் எப்படித் தயாராகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரு தெருவில் நிட்டிங். அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்குப் போகும். திரும்பி வந்து காம்பேக்டிங். இன்னொரு சந்தில் கட்டிங். அப்புறம் ஓவர்லாக், பேட்லாக் என்று பவர் டேபிளில் தைப்பார்கள். பக்கத்தில் கைமடிக்கிற பிள்ளை நிற்கும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் இன்னும் மூன்று இடம். இத்தனையும் டிவிஎஸ் 50-யிலும் குட்டி யானையிலும் சந்து சந்தாக ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு முதலாளி. கையில் கொஞ்சம் காசும் ஒரு வேலை சுத்தமாகத் தெரிந்த அனுபவமும் இருந்தால் டெய்லராக இருந்தவர் நாளைக்கு நான்கு மெஷின் போட்டு முதலாளி ஆகலாம். அப்படி ஆனவர்கள் அங்கே ஏராளம். ஒரே கூரைக்குக் கீழே எல்லாவற்றையும் வைத்திருக்கிற பெரிய ஆலையில் இந்த ஏணி கிடையாது.

அந்த ஊரே ஒரு நாள் நின்றும் போனது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுதான் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. சாயம் போடாமல் பனியன் ஏது? வந்த ஆர்டர் வேறு நாட்டுக்குப் போனது, ஆட்கள் மூட்டை கட்டினார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேவிடாத சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகுதான் ஊர் எழுந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் இதே பாடத்தை 1996-லேயே சொல்லியிருந்தது. முதலில் தொழில் வரட்டும், சாக்கடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்களில் யாராவது பேசினால் நொய்யலை நினைவுபடுத்துங்கள். கழிவும் தண்ணீரும் உள்ளாட்சியின் முதல் வேலை. திருப்பூர்த் தொழிற்சாலைகளுக்கே ஆற்று நீர் குழாயில் வந்து சேர 2005 ஆனது. அரசும் தொழில்துறையும் தனியார் முதலீடும் ஒரு மேசையில் உட்கார்ந்ததால் வந்த தண்ணீர் அது. மன்றத்தில் இருக்கிற நீங்கள் கூட்டாமல் அந்த மேசையை யார் கூட்டுவது?

பட்டறைத் தொழில் பல வருடமாக ஓடுகிறது, அதுபாட்டுக்கு ஓடட்டும் என்றும் விட்டுவிட முடியாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் மாங்காய்ப் பூட்டை அரத்தால் ராவிச் செய்கிற கைகள் அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கிவிட்டன. அலிகாரிலிருந்து மெஷினில் செய்த மலிவுப் பூட்டு வந்து கடையை நிரப்பியது. நல்ல நேரத்தில் ஒரு பொதுப் பிரஸ், ஒரு பிளேட்டிங் யூனிட், புதுப் பூட்டு வடிவமைக்க ஆள் என்று கிடைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். சான்றிதழ் கடைசியில் வந்தது. வர வேண்டியது முதலில் வரவில்லை.

இதையெல்லாம் செய்ய எங்களுக்கு ஏது அதிகாரம் என்று நீங்கள் சொல்வீர்கள். 74-ஆவது திருத்தத்தில் அரசமைப்புக்குள் வந்த 12-ஆவது அட்டவணையைப் புரட்டுங்கள். நகராட்சிகள் செய்யக்கூடியவை என்று 18 வேலைகள் இருக்கின்றன. மூன்றாவது என்ன தெரியுமா? பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல். குப்பையும் குடிநீரும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மாநில அரசு மனம் வைத்து ஒப்படைத்தால்தான் அதிகாரம் முழுதாக உங்கள் கைக்கு வரும் என்பது எனக்கும் தெரியும். அது வரைக்கும் சாலையும் விளக்கும் சாக்கடையும் கழிப்பறையும் கட்டட அனுமதியும் உங்கள் கையில்தானே இருக்கின்றன? ஒரு பட்டறைக்காரன் தினமும் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இவற்றோடுதான்.

எங்கள் தொழிற்பேட்டையைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், உங்கள் ஊர்ப் பேட்டையும் இப்படித்தான் இருக்கும். உள்ளே போகிற ரோடு யாருடையது என்பதில் பேட்டையைப் போட்டவர்களுக்கும் உள்ளாட்சிக்கும் பல வருடத் தகராறு. இவர்கள் அவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள், அவர்கள் இவர்களை. சொத்து வரி வசூலிக்க வருகிறபோது மட்டும் எல்லை தெளிவாகத் தெரிகிறது. ஐப்பசியில் மழை பிடித்தால் முன் கேட்டில் முழங்கால் தண்ணீர். வார்ப்பு இறக்க வந்த லாரி திரும்பிப் போய்விடும், அன்றைய வாடகை எங்கள் தலையில். ஷாப்ட் ஒன்றை டர்னிங் முடித்து, கீவே வெட்டி, அதற்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்ய வேண்டுமென்றால் எங்கள் ஊரில் வழியில்லை. சாக்கில் கட்டி, காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லிக் கோயம்புத்தூருக்குப் போட்டுவிடுவேன். அங்கே ஒருவர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார். இரண்டு நாள் கழித்து அதே மாதிரி திரும்பி வரும். வந்த பிறகுதான் கிரைண்டிங். ஒரு ஃபர்னஸ் ஊரிலேயே இருந்தால் அந்த இரண்டு நாளும் மிச்சம், அந்த வேலையில் இன்னும் நான்கு பேருக்குப் பிழைப்பு. பொது வசதி மையம் அமைக்க மானியம் தருகிற திட்டம் மத்தியிலும் இருக்கிறது, மாநிலத்திலும் இருக்கிறது. சங்கமாகச் சேர்ந்து எங்கள் பங்கைப் போட நாங்கள் தயார். இடம்தான் இல்லை. நகராட்சி கட்டி வாடகைக்குப் போகாமல் பூட்டியே கிடக்கிற கட்டடங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. உங்கள் ஊரில் எது என்று நீங்கள் இந்நேரம் மனதுக்குள் சொல்லியிருப்பீர்கள்.

ஏன் நாங்கள் உங்கள் கண்ணில் படுவதில்லை என்று நான் யோசித்திருக்கிறேன். என் பட்டறையின் ஆறு பேரில் நான்கு பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள், ஒருவர் ஒடிசாக்காரர். உங்கள் வார்டில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. நானே வேறு வார்டில்தான் குடியிருக்கிறேன். பேட்டைக்குள் வரி இருக்கிறது, வேலை இருக்கிறது, சத்தம் இருக்கிறது. வாக்காளர் மட்டும் இல்லை. பகுதி சபை கூட்டினாலும் குடியிருக்கிறவர்கள்தான் வருவார்கள், பட்டறைச் சத்தத்தைப் பற்றிப் புகார்தான் சொல்வார்கள். அந்தப் புகாரிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஓட்டுப் போட்ட குடும்பங்களில் பலவற்றில் அடுப்பு எரிவது அந்தச் சத்தத்தால்தான் என்பதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

பெண் உறுப்பினர்களிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். 2022 தேர்தலில் பாதி இடங்கள் உங்களுக்கு வந்தன. தையல் யூனிட், பேக்கிங், காலணி, எலெக்ட்ரானிக்ஸ் என்று இன்று ஆள் கேட்கிற தொழில்கள் பெரும்பாலும் பெண்களைத்தான் கேட்கின்றன. நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணமில்லை. ஆனால் இரவு எட்டரைக்கு ஷிப்ட் முடிந்து பேட்டை கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடக்க வேண்டிய தூரத்தில் விளக்கு எரிகிறதா? அந்த நேரத்துக்கு டவுன் பஸ் வருகிறதா? பேட்டைக்குள் பெண்கள் போகிற மாதிரி ஒரு கழிப்பறை உண்டா? பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற பெண்களை எனக்குத் தெரியும். பெரிய நகரங்களில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசு தோழி விடுதி கட்டுகிறது. நம் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். ஒரு முதலாளி நூறு பேருக்கு வேலை கொடுக்கத் தயாராக வந்து நின்று, இந்த விளக்கையும் பஸ்ஸையும் விடுதியையும் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போனால், அந்தச் செய்தி எந்தப் பேப்பரிலும் வராது.

இனிக் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் ஒரே ஒரு தீர்மானத்தை வையுங்கள். ஊரில் உள்ள எல்லாப் பட்டறைகளையும் தெருவாரியாகக் கணக்கெடுப்பது. என்ன செய்கிறார்கள், எத்தனை பேர், எதற்காக வெளியூர் போகிறார்கள் என்று மூன்று கேள்வி போதும். கணக்கெடுக்க வருகிறவர் கையில் நோட்டீஸ் இருக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவனைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பினால் பாதிப் பட்டறை அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிடும். முதல் வருடம் அபராதம் கிடையாது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு, பேட்டையிலிருந்து வசூலாகிற வரியில் ஒரு பங்கு பேட்டைக்குள்ளேயே செலவாகும் என்று நிர்ணயம் செய்யுங்கள். எவ்வளவு என்பதை உங்கள் வரவு செலவைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். இன்று அது என்னவென்றே யாருக்கும் தெரியாது, தெரிந்தால் அதுவே பாதி வெற்றி. ரோடு யாருடையது என்ற தகராறை ஆணையரும் பேட்டைக்காரர்களும் உட்கார்ந்து ஒரு தேதிக்குள் முடிக்கட்டும். பூட்டிக் கிடக்கிற கட்டடம் ஒன்றைப் பொது வசதி மையத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள், இனாமாக வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டத்தைப் பேட்டைக்குள் வந்து நடத்துங்கள். மன்றத்துக்கு நாங்கள் வந்தால் பார்வையாளர் வரிசை. பேட்டைக்கு நீங்கள் வந்தால் கேட்டில் தேங்கிய தண்ணீரைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்.

சிப்காட் மனுவை நிறுத்தச் சொல்லவில்லை. இந்தக் கணக்கை அதோடு சேர்த்து வையுங்கள். இத்தனை லேத், இத்தனை தறி, இத்தனை வெல்டர், இத்தனை ஐடிஐ படித்த பிள்ளைகள் என்று ஒரு பட்டியலோடு போகிற ஊருக்கும், வெறும் கோரிக்கையோடு போகிற ஊருக்கும் வித்தியாசம் அமைச்சருக்குத் தெரியும், கம்பெனிக்காரனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

தீர்மானம் நிறைவேறினால் நகலை எங்கள் பேட்டை முகப்பில் உள்ள டீக்கடைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நிறைவேறாவிட்டால், எதிர்த்துக் கை தூக்கியவர்கள் பெயரோடு அதையும் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் ஒருவன்